வடக்குப்பட்டுக் கல்லும் தேவாலாத் தங்கமும்

"மாமா, கண்ணை மூடிக்கிட்டு அட்வான்ஸ் குடுங்க. மூணே வருஷம்... தங்கம் மாதிரி ஏறும்!"

மச்சினன் இப்படிச் சொன்னது வடக்குப்பட்டில், உச்சி வெயிலில், ஒரு முள்செடி நிழலில் நின்றுகொண்டு. அவன் கையில் வழவழ காகிதத்தில் அச்சடித்த மனை விளம்பரம். அதில் தென்னை மரம், நீச்சல் குளம், சைக்கிள் ஓட்டும் குழந்தை எல்லாம் இருந்தன. எதிரே இருந்த நிஜ இடத்தில் இரண்டு ஆடுகளும் ஒரு மஞ்சள் கல்லும்தான் இருந்தன.

ஒரகடம் பக்கம் போயிருப்பவர்களுக்குத் தெரியும். வண்டலூர்-வாலாஜாபாத் சாலையில் போனால் இரண்டு பக்கமும் தொழிற்சாலைகள். இந்தப் பக்கம் கார், அந்தப் பக்கம் லாரி, கொஞ்சம் தள்ளி மோட்டார் சைக்கிள். ஷிஃப்ட் பஸ்கள் வரிசை கட்டி ஓடும். சாலையை விட்டு உள்ளே திரும்பினால் ஏரி, வயல், பனை மரம் என்று பழைய செங்கல்பட்டு ஜில்லா இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. அந்த மிச்சத்தில் ஒன்றுதான் வடக்குப்பட்டு.

2022-ல் இந்த ஊர் பேப்பரில் வந்தது. தொழிற்சாலைக்காக அல்ல, ஒரு மேட்டுக்காக. நத்தமேடு என்று ஊரார் சொல்லும் மேட்டில் இந்தியத் தொல்லியல் ஆய்வுத் துறை குழி வெட்டியது. மேலே பழைய கட்டுமானம், உடைந்த ரோமானிய ஜாடி ஓடுகள், கண்ணாடி மணிகள், சிறியதாகத் தங்க அணிகலனும். இன்னும் கீழே போனால், முக்கால் மீட்டர் ஆழத்தில் கல்லாயுதங்கள். கைக்கோடரி, சுரண்டி, வெட்டுக்கருவி. வயசு சுமார் 12,000 வருஷம் என்று துறை சொன்னது.

மச்சினனுக்கு இதில் பெருமை உண்டு. "பன்னெண்டாயிரம் வருஷமா டிமாண்ட் உள்ள ஏரியா மாமா இது!" என்றான்.

எனக்கு வேறு ஒரு ஆள் ஞாபகத்துக்கு வந்தார். அவர் பெயர் வில்லியம் கிங். அவரை நினைத்ததால்தான் அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால் நீலகிரி எக்ஸ்பிரஸ் ஏறி தேவாலா வரைக்கும் போய்விட்டு வந்தேன்.

மனை வாங்குவதற்கும் மலை ஏறுவதற்கும் என்ன சம்பந்தம் என்கிறீர்களா? இருக்கிறது, சொல்கிறேன்.

*

1851-ல் வெள்ளைக்காரர்கள் இந்தியாவில் நிலவியல் ஆய்வுத் துறையை ஆரம்பித்தார்கள். நம் பூமியின் மேல் பிரியத்தில் அல்ல. ரயில் ஓட நிலக்கரி வேண்டும்; அது எங்கே புதைந்திருக்கிறது என்று பார்க்க ஆள் வேண்டும். அப்படி மதராஸ் பக்கம் வந்த இளைஞர்களில் இரண்டு பேர் ராபர்ட் புரூஸ் ஃபுட், வில்லியம் கிங். வேலை என்னவென்றால், சுத்தியலும் நோட்டுப் புத்தகமும் எடுத்துக்கொண்டு ஊர் ஊராய்ப் போய்ப் பாறையைத் தட்டிப் பார்ப்பது. 'துரைக்கு என்ன கஷ்டமோ, கல்லோட பேசறாரு' என்று நம் ஊர்க்காரர்கள் நிச்சயம் பரிதாபப்பட்டிருப்பார்கள்.

1863 மே 30-ஆம் தேதி பல்லாவரத்தில் ஒரு சரளைக் குழியில் ஃபுட் ஒரு கல்லை எடுத்தார். இயற்கையாய் உடைந்த கல் இல்லை. மனுஷன் தட்டிச் செய்த ஆயுதம். இந்தியாவில் கற்கால மனிதன் இருந்தான் என்பதற்கு முதல் சாட்சி அதுதான். அதே வருஷம் செப்டம்பர் 28-ஆம் தேதி ஃபுட்டும் கிங்கும் சேர்ந்து கொசஸ்தலை ஆற்றுப் பக்கம் அத்திரம்பாக்கத்தில் இன்னும் நிறைய கல்லாயுதங்களைக் கண்டார்கள். அந்த அத்திரம்பாக்கத்தில் பின்னாளில் சாந்தி பப்பு குழுவினர் தோண்டி, சில கருவிகளுக்கு 15 லட்சம் வருஷ வயசு என்று 2011-ல் அறிவித்தார்கள். பூந்தமல்லி, ஸ்ரீபெரும்புதூர் பக்கமெல்லாம் ஃபுட் நடந்து அளந்த பூமி. ஸ்ரீபெரும்புதூர்ப் படிவுகள் என்றே நிலவியலில் ஒரு பெயர் உண்டு. களிமண் பாறையைப் பிளந்தால் டைனோசர் காலத்து இலை அச்சடித்த மாதிரி இருக்கும்.

ஆக, கரி தேடி வந்தவர்களுக்கு நம் ஊரில் கிடைத்தது கல். யோசித்தால், கனிமம் தேடுகிற தொழிலை முதலில் செய்தவனே அந்தக் கற்கால ஆசாமிதான். ஆற்றோரம் கிடக்கும் ஆயிரம் கூழாங்கல்லில் எது தட்டினால் கூராகப் பிளக்கும், எது பொடிப்பொடியாய் உதிரும் என்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது. குவார்ட்சைட் என்கிற கெட்டிக் கல்லைப் பார்த்துப் பொறுக்கியிருக்கிறான். ஏமாந்தால் அன்றைக்கு இரவுச் சாப்பாடு போச்சு. அதனால் ஏமாறவில்லை.

ஏமாறுவதெல்லாம் பிற்காலத்தில் ஆரம்பித்த நாகரிகம்.

கிங்குக்குப் பிறகு கரி கிடைத்தது. 1871-ல் இன்றைய தெலங்கானாவில் எல்லந்து பக்கம் அவர் கண்டதுதான் சிங்கரேணி நிலக்கரி. அப்பேர்ப்பட்ட கைராசிக்காரரைத்தான் அடுத்து நீலகிரி மலைக்கு மேற்கே ஒரு பள்ளத்தாக்குக்கு அனுப்பினார்கள். அங்கே கரி இல்லை. தங்கம் என்று பேச்சு!

*

மேட்டுப்பாளையத்தில் இறங்கி, ஊட்டி பஸ் பிடித்து, அங்கிருந்து கூடலூர் பஸ். பைக்காரா தாண்டி நடுவட்டம் வந்ததும் சாலை ஒரேயடியாகக் கீழே இறங்குகிறது. டிரைவர் ஒவ்வொரு வளைவிலும் ஸ்டியரிங்கைக் கட்டிப்பிடித்துத் திருப்ப, நான் முன் சீட்டுக் கம்பியைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். பக்கத்தில் ஒரு பெரியவர் நிம்மதியாகக் குறட்டை விட்டுக்கொண்டு வந்தார். மலைக்காரர்கள் மலைக்காரர்கள்தான்.

கூடலூர் வந்தால் நாலு பாஷை காதில் விழுகிறது. தமிழ், மலையாளம், கன்னடம், படுகு. டீக்கடையில் ஒரு பாஷையில் டீ கேட்டு, இன்னொரு பாஷையில் சில்லறை வாங்கினேன். அங்கிருந்து நாடுகாணி. பெயருக்கு ஏற்ற மாதிரி, அங்கே நின்றால் கீழே நிலம்பூர்க் காடு வரைக்கும் நாடு தெரிகிறது. ஒரு சாலை கேரளாவுக்கு இறங்குகிறது. இன்னொன்று தேவாலாவுக்கும் பந்தலூருக்கும் போகிறது.

தேவாலாவில் மழை. தமிழ்நாட்டிலேயே அதிக மழை பெய்த இடம் என்று ரேடியோவில் அடிக்கடி வரும் பெயர் இது. குடையை விரிப்பதற்குள் நனைந்துவிட்டேன். விரித்த பிறகும் நனைந்தேன். மழை மேலிருந்து மட்டும் வராமல் பக்கவாட்டிலும் வருகிறது. போதாததற்கு, செருப்புக்குள் நைஸாக ஏறிய ஓர் அட்டை என் ரத்தத்தைக் கால் மணி நேரம் ருசி பார்த்துவிட்டுத்தான் விட்டது.

பள்ளத்தாக்கு முழுக்கப் பச்சை. தேயிலை, அதற்கு மேல் காடு, அதற்கு மேல் மேகம். இந்த இடத்துக்காகவா லண்டனில் அடிதடி நடந்தது என்று நம்பவே முடியவில்லை.

*

நடந்தது!

இங்கே தங்கம் உண்டு என்பது துரைமார்கள் கண்டுபிடித்த ரகசியமில்லை. பணியர்களும் குறும்பர்களும் எத்தனையோ தலைமுறையாக ஓடை மணலை மரத்தட்டில் அரித்துத் தங்கத்தூள் எடுத்துவந்தார்கள். மலையில் வெள்ளை வெளேரென்று நீட்டிக்கொண்டிருக்கும் குவார்ட்ஸ் கல்லைத் தோண்டி, பாறையில் குழி செய்து அதில் இடித்துப் பொடியாக்கியும் எடுத்திருக்கிறார்கள். அந்தப் பழைய குழிகளும் இடித்த பள்ளங்களும்தான் பிறகு வந்தவர்களுக்கு வழிகாட்டி. எடுத்தது மலைமக்கள், நிலம் ஜன்மிகள் கையில். நிலம்பூர்த் திருமுல்பாடு ஒரு பக்கம், நெல்லியாளம் அரசு ஒரு பக்கம். தங்கம் கைக்கு வரும், தங்காது.

கும்பெனி அதிகாரிகள் 1790-களிலேயே மூக்கை நீட்டி விசாரித்தார்கள். 1831-ல் நிக்கல்சன் என்ற லெப்டினென்டை அனுப்பித் தேடச் சொன்னார்கள். அவருக்கு நம்பிக்கை வந்தது, மேலிடத்துக்கு வரவில்லை. விஷயம் முப்பது வருஷம் கிடப்பில் கிடந்தது.

நடுவில் இங்கே காபி வந்தது. காட்டைத் திருத்திக் காபி போட்ட துரைமார்கள் கொஞ்ச காலம் ராஜாவாக இருந்தார்கள். அப்புறம் தண்டுதுளைப்பான் புழு வந்தது. அதற்குப் பின்னால் இலைநோய் வந்தது. தோட்டம் தோட்டமாகக் காபிச்செடி பட்டுப்போனது. கடனில் கழுத்து வரைக்கும் முழுகிய துரைமார்களுக்கு, 'உங்கள் தோட்டத்துக்குக் கீழே தங்கம் இருக்காமே?' என்று ஒரு பேச்சுக் காதில் விழுந்தால் எப்படி இருந்திருக்கும்!

ஆஸ்திரேலியத் தங்க வயல்களில் வேலை பார்த்த அனுபவசாலிகள் சிலரும் வந்து பார்த்தார்கள். 1874-ல் ஆல்பா என்ற கம்பெனி தேவாலாவில் ஆரம்பித்தது. அது குறிவைத்த தங்கப் படிவுக்கு வைத்த பெயர் 'ஸ்கல் ரீஃப்'. தமிழில் சொன்னால் மண்டையோட்டுப் படிவு. நல்ல சகுனமாகத்தான் பெயர் வைத்திருக்கிறார்கள்!

நம்முடைய கிங் வந்து ஆராய்ந்து 1875-ல் அறிக்கை வெளியிட்டார். படிவுகளில் தங்கம் இருக்கிறது. முறையாகக் கல்லை இடித்து எடுத்தால் கட்டுப்படியாகலாம் என்பது அதன் சாரம்.

அந்த 'லாம்' முக்கியம், கவனியுங்கள். நிலவியல்காரர்கள் 'லாம்' போடாமல் பேச மாட்டார்கள். இருக்கலாம், கிடைக்கலாம், ஆகலாம். வைத்தியர்களும் வானிலைக்காரர்களும்கூட அப்படித்தான். ஆனால் அந்த 'லாம்' கப்பலேறி லண்டன் போவதற்குள் எப்படியோ கடலில் விழுந்துவிடும்.

1879-ல் சர்க்கார் இன்னொரு பெரிய மனிதரை வரவழைத்தது. ராபர்ட் பிரவ் ஸ்மித். ஆஸ்திரேலியாவில் விக்டோரியா மாகாணத்தின் சுரங்கத் துறைச் செயலாளராக இருந்தவர். கூடலூர், தேவாலா, கார்க்கூர்க் கணவாய் எல்லாம் சுற்றி 1880-ல் அவர் கொடுத்த அறிக்கை உற்சாகமாக இருந்தது. உலகப் புகழ் பெற்ற தங்க நிபுணரே சொல்லிவிட்டார். இனி என்ன வேண்டும்?

லண்டனில் கூத்து ஆரம்பித்தது. 1879 கடைசியிலிருந்து 1881-க்குள் முப்பதுக்கும் மேற்பட்ட கம்பெனிகள், இந்தப் பள்ளத்தாக்கின் பெயரைச் சொல்லியே தோன்றின. முதலீடு என்று காகிதத்தில் காட்டிய தொகை 40 லட்சம் பவுனுக்கு மேல்! அந்தக் காலத்துப் பவுன், சார். பாதிரியார், ரிட்டயரான கர்னல், விதவைப் பாட்டி என்று வயநாடு எந்தத் திசையில் இருக்கிறது என்றே தெரியாதவர்களெல்லாம் பங்கு வாங்கினார்கள். பட்டுப்போன காபித் தோட்டங்களைத் தங்கத் தோட்டங்களாக விற்றுவிட்டுச் சில துரைமார்கள் கடனை அடைத்தார்கள்.

பந்தலூர் ஒரே நாளில் பட்டணமானது. பங்களா, கடைவீதி, ஹோட்டல், குதிரைப் பந்தயம். தங்கம் வருவதற்கு முன்னாலேயே தங்கம் வந்தால் என்னென்ன செய்வார்களோ அத்தனையும் செய்துவிட்டார்கள்.

*

அப்புறம் கல்லை இடித்தார்கள்.

இதற்கு ஒரு இயந்திரம் உண்டு. நம் வீட்டு உரல்-உலக்கை மாதிரிதான். இரும்பு உலக்கைகள் வரிசையாக ஏறி இறங்கும். நீராவி, அல்லது தண்ணீர்ச் சக்கரம் அவற்றை ஓட்டும். குவார்ட்ஸ் கல் மாவாகி, தண்ணீரோடு பாதரசம் பூசிய செம்புத் தகட்டின் மேல் ஓடும். தங்கத்துக்கும் பாதரசத்துக்கும் பூர்வஜன்ம பந்தம், தொட்டதும் ஒட்டிக்கொள்ளும். பிறகு சூடாக்கினால் பாதரசம் ஆவியாகிப் போய்விடும், தங்கம் நிற்கும். இந்த இயந்திரங்களை இங்கிலாந்திலிருந்து கப்பலில் கொண்டுவந்து, மலையாளக் கரையில் இறக்கி, மாட்டு வண்டியிலும் ஆள் தோளிலுமாக இந்த மழையில், இந்தக் கணவாயில் ஏற்றினார்கள். அட்டைக்கடியே தாங்காத எனக்கு, பாய்லரைச் சுமந்து ஏறியவர்களை நினைத்தால் மூச்சு முட்டுகிறது. மலேரியாவில் செத்த கூலிகளுக்குப் பங்குப் பத்திரம் கிடையாது.

இடித்துப் பார்த்தால் ஒரு டன் கல்லுக்குச் சில கிராம் தங்கம்தான் தேறியது. கூலிக்கும் விறகுக்கும் மேனேஜர் சம்பளத்துக்குமே காணாது.

எங்கே தப்பு? கிங்கும் ஸ்மித்தும் பொய் சொல்லவில்லை. தங்கம் இருந்தது. சோதனைக்குப் போன கல்லில்தான் விஷயம். மலையில் கண்ணுக்குத் தங்கம் தெரிகிற கல்லைப் பொறுக்கிச் சோதனைக்கு அனுப்பினால் பிரமாதமான கணக்கு வரும். கல்யாணத் தரகர் காட்டுகிற போட்டோ மாதிரி. போட்டோவும் நிஜம்தான், ஆளும் அதே ஆள்தான். ஆனால் குடித்தனம் பண்ணுவது போட்டோவோடு அல்லவே! மலை முழுவதையும் சராசரியாக இடித்தபோது சாயம் வெளுத்தது.

1882, 83-லேயே கம்பெனிகள் ஒவ்வொன்றாக மூடின. குதிரைகள் போயின, ஹோட்டல் போயிற்று. இயந்திரங்களைத் திரும்ப இறக்குகிற செலவு இயந்திரத்தின் விலையைவிட ஜாஸ்தி; காட்டிலேயே போட்டுவிட்டுப் போனார்கள். 1901-ல் ஹேடன், ஹேட்ச் என்ற இரண்டு நிபுணர்கள் மறுபடி வந்து நிதானமாக அளந்து பார்த்து, வயநாட்டுத் தங்கத்தின் கதையை முடித்துவைத்தார்கள்.

வேடிக்கை என்னவென்றால், இதே 1880-ல்தான் கோலாரிலும் ஜான் டெய்லர் கம்பெனி இறங்கியது. அங்கேயும் முதலில் காசு கரைந்தது. மூடிவிடலாம் என்று நினைத்த நேரத்தில் சாம்பியன் படிவு அகப்பட்டது. பிறகு 2001-ல் மூடும்வரை சுமார் 800 டன் தங்கம். வட ஆற்காட்டுத் தமிழர்கள் கூட்டம் கூட்டமாகப் போய் இறங்கிச் செத்துச் சுண்ணாம்பாகி எடுத்துக்கொடுத்த தங்கம். ஆக, 'தங்கம் என்றாலே ஏமாற்று' என்றும் சொல்ல முடியவில்லை. அங்கே 'லாம்' பலித்தது, இங்கே பலிக்கவில்லை. முன்கூட்டித் தெரிந்தவர் யாரும் இல்லை. தெரிந்த மாதிரி பேசியவர்கள்தான் நிறையப் பேர்.

*

தேவாலா பஜாரைத் தாண்டி ஒரு டீக்கடை. நடத்துகிற அம்மாவின் பேச்சில் இலங்கை மலையகத்து வாசனை. சாஸ்திரி-சிறிமாவோ ஒப்பந்தப்படி அங்கிருந்து அனுப்பப்பட்டுக் கப்பலில் வந்த குடும்பம். அப்பா டேன்டீ தோட்டத்தில் வேலை பார்த்தவர். தங்கம் போன இந்த மலையைத் தேயிலைதான் காப்பாற்றியது; தேயிலையைக் காப்பாற்றியது இவர்கள்.

"என்ன ஐயா, பழைய இரும்பைப் பாக்கவா வந்தீங்க?"

"தங்கச் சுரங்கம் பாக்க வந்தேம்மா."

அந்த அம்மா சட்டென்று வாசல் பக்கம் பார்த்தார். பிறகு என் நனைந்த கோலத்தையும் குடையையும் பார்த்து, இந்த ஆள் போலீசாக இருக்க முடியாது என்று முடிவு செய்திருக்க வேண்டும்.

"துரைமாரு வெட்டுனது அந்தா தெரியுதே காடு, அங்கன. எங்க ஆளுக வெட்டுறது..." என்று நிறுத்தி, "அதெல்லாம் எதுக்குங்க ஐயா" என்றார்.

எனக்குத் தெரிந்ததுதான். பேப்பரில் வருகிற விஷயம்தான். துரைமார்கள் விட்டுப்போன குழிகளிலும், புதிதாய்த் தோண்டிய பொந்துகளிலும் ராத்திரியில் ஆட்கள் இறங்குகிறார்கள். டார்ச் லைட்டை நெற்றியில் கட்டிக்கொண்டு, படுத்தபடியே ஊர்ந்து போய்க் கல்லைப் பெயர்க்கிறார்கள். வெளியே கொண்டுவந்து இடித்து, பாதரசம் விட்டுப் பிசைந்து, அடுப்பில் காய்ச்சுகிறார்கள். ஆவி போவது அவர்கள் மூக்குக்குள்தான். மழைக்காலத்தில் மண் சரியும். உள்ளே காற்று இல்லாமல் மூச்சு முட்டும். செத்தவர்களின் செய்தி வருஷத்துக்கு வருஷம் வரும். அதிகாரிகள் குழியை மூடுவார்கள். மறுபடி ஒரு குழி திறக்கும். கம்பெனிக்குக் கட்டுப்படியாகாத அந்தச் சில கிராம், தோட்டக் கூலி வாங்குகிற குடும்பத்துக்குப் பெரிய காசு.

இரண்டாவது டீ குடிக்கும்போது அந்த அம்மாவே சொன்னார்.

"எந் தம்பி போனான் ஐயா. உள்ள போனவன் வெளிய வரல. தூக்கிட்டு வந்தாங்க. மொகத்துல காயமே இல்ல, தூங்குற மாதிரி இருந்தான். அவன் நெத்தியில கட்டுன லைட்டு அப்பவும் எரிஞ்சுக்கிட்டே இருந்துச்சு."

மழை கூரைத் தகரத்தில் கொட்டிக்கொண்டிருந்தது. இரண்டு பேரும் கொஞ்ச நேரம் பேசவில்லை.

"எம் மகனுக்கும் ஆசை. மாமன் போன வழிதான்னு கெடக்கான். ஐ.டி.ஐ. ஃபிட்டர் முடிச்சிருக்கான். எந்த ஊருங்க ஐயாவுக்கு?"

"மெட்ராஸ் பக்கம். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம்னு சொல்வாங்க..."

அந்த அம்மாவின் முகம் மாறியது. "ஒரகடமா! கார் கம்பெனியெல்லாம் இருக்காமே? இங்கயிருந்தே பிள்ளைக போயிருக்கு. எம் மகனுக்கு அங்கன வேலை கெடைக்குங்களா?"

"கிடைக்கலாம்மா" என்றேன்.

சொன்ன பிறகுதான் உறைத்தது. நானும் 'லாம்' போட்டுவிட்டேன். அந்த அம்மா காதில் அந்த 'லாம்' விழவே இல்லை என்பதும் தெரிந்தது. கடலில் விழுவதற்குக் கப்பல்கூடத் தேவையில்லை போலிருக்கிறது; ஒரு டீக்கடை மேஜையைத் தாண்டுவதற்குள் விழுந்துவிடுகிறது.

அதனால் உட்கார்ந்து, தெரிந்ததையெல்லாம் விவரமாகச் சொன்னேன். வேலை இருக்கிறது. ஆனால் பெரும்பாலும் காண்ட்ராக்ட். கம்பெனி பெயர் பெரிதாக இருக்கும், சம்பளம் கொடுப்பவர் வேறு ஆளாக இருப்பார். ஆறு மாசம், பத்து மாசம் என்று நிறுத்துவார்கள். ஒரு ரூமில் ஏழெட்டு பையன்கள் ஷிஃப்ட் முறையில் தூங்குவார்கள். வெயில் கொளுத்தும். இந்தப் பச்சை, இந்தக் குளிர் கிடையாது. ராத்திரி ஷிஃப்ட் முடிந்து காலையில் வெளியே வரும்போது கண் எரியும்.

அந்த அம்மா எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார்.

"ஆனா காலையில வெளிய வந்திருவான்ல ஐயா?" என்று கேட்டார்.

எனக்குப் பதில் வரவில்லை. தலையை ஆட்டினேன்.

*

திரும்பி வந்ததும் மச்சினன் பிடித்துக்கொண்டான். "என்ன மாமா, முடிவு பண்ணிட்டீங்களா? பரந்தூர் ஏர்போர்ட் வேற வருது. இந்த விலைக்கு இனி கிடைக்காது."

"வருதா, வரலாமா?"

"ரெண்டும் ஒண்ணுதானே மாமா!"

அவனை உட்காரவைத்து, கிங் கதை, ஸ்மித் கதை, 40 லட்சம் பவுன் கதை எல்லாம் சொன்னேன். கவனமாகத்தான் கேட்டான். கேட்டுவிட்டு, "அப்ப அந்தக் காபித் தோட்டத்தைக் கரெக்டான டயத்துல வித்தவன் கெட்டிக்காரன்னு சொல்றீங்க" என்றான். சரித்திரத்திலிருந்து ஒவ்வொருவரும் ஒவ்வொரு பாடம் கற்றுக்கொள்கிறார்கள்!

நான் அட்வான்ஸ் கொடுக்கவில்லை. அது புத்திசாலித்தனமா, தெரியாது. இந்த இடம் கோலாராகவும் ஆகலாம், தேவாலாவாகவும் ஆகலாம். மூணு வருஷம் கழித்து மச்சினன் என்னைப் பார்த்துச் சிரிக்கவும் செய்யலாம்.

தேவாலாப் பையன் வந்தான். ஒரு தோள் பை, ஒரு போர்வை. ஒரகடம் பஸ் ஸ்டாப்பில் போய் அழைத்துக்கொண்டு வந்தேன். ஒரு உதிரிபாகக் கம்பெனியில் காண்ட்ராக்ட் வேலை, தெரிந்தவர் மூலம். வந்த புதிதில் "இங்க மழையே பெய்யாதா சார்?" என்று இரண்டு தடவை கேட்டான். அம்மா கொடுத்தனுப்பியதாகத் தேயிலைத் தூள் ஒரு கிலோ கொடுத்தான். அப்புறம் பேண்ட் பாக்கெட்டிலிருந்து ஒரு வெள்ளைக் கல்லை எடுத்தான்.

"மாமா கடைசியா வெட்டின கல்லு சார். உள்ள மஞ்சளா ஒரு புள்ளி தெரியுது பாருங்க. இடிச்சுப் பாக்க மனசு வரல."

திருப்பித் திருப்பிப் பார்த்தேன். புள்ளி தெரிந்தது. தங்கமாக இருக்கலாம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவனை வடக்குப்பட்டுக்கு அழைத்துப் போய், நத்தமேட்டைக் காட்டினேன். பன்னிரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னால் இங்கே உட்கார்ந்து ஒருத்தன் கல் தட்டியிருக்கிறான் என்றேன்.

"எதுக்கு சார் தட்டினான்?"

"சாப்பாட்டுக்கு."

பையன் கொஞ்ச நேரம் மேட்டைப் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு கைக்கடிகாரத்தைப் பார்த்தான்.

"போலாம் சார். ரெண்டு மணிக்கு ஷிஃப்ட்" என்றான்.